2,941-ம் 45,000-ம்: சிவகாசியை எண்ணிய கதை

1980-களின் நடுவில் சிவகாசி வட்டாரத்தில் எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள்? உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்குப்படி, 1985 டிசம்பர் 31 அன்று பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221. அவற்றில் தொழிலாளர்கள் 27,338 பேர். அதில் சிறார்கள் 2,941. அதே காலத்தில் யுனிசெஃப் பெயரோடு உலகமெல்லாம் சுற்றிவந்த எண்ணோ 45,000. குழந்தைத் தொழிலாளர்கள் உலகிலேயே மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடம் இதுவாக இருக்கலாம் என்ற வரியும் அதனுடன் ஒட்டிக்கொண்டே போனது.

ஒன்றுக்கு ஒன்று பதினைந்து மடங்கு வித்தியாசம். இப்படி இரண்டு எண்கள் எதிரெதிரே நின்றால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடுவது நம் வழக்கம். அரசாங்கம் மறைக்கிறது என்பார் ஒருவர், வெளிநாட்டுக்காரன் நம்ம ஊர்ப் பேரைக் கெடுக்கிறான் என்பார் இன்னொருவர். ஆனால் யாரும் பொய் சொல்லாமலேயே இந்த வித்தியாசம் வரும். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள்.

முதல் எண்ணில் இருப்பவர்கள், பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகளின் கணக்கில் வந்தவர்கள். பதிவில்லாத பட்டறையில் குச்சி அடுக்கிய பிள்ளை அதில் இல்லை. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளை இல்லை. பட்டாசு ஆலைக்குப் போன பிள்ளையும் இல்லை, ஏனென்றால் அந்த வரிசை தீப்பெட்டிக்கு மட்டுமானது. இரண்டாவது எண் தீப்பெட்டி, பட்டாசு இரண்டையும், சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. வயதிலும் குழப்பம் உண்டு. அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தில் ‘குழந்தை’ என்பவர் 15 வயது நிறையாதவர். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 14 வயது நிறையாதவர். பதினாலரை வயதுப் பையன் ஒரு சட்டத்தில் குழந்தை, இன்னொன்றில் இல்லை. பிறப்புச் சான்றிதழே இல்லாத வீட்டில் அந்த அரை வயதை யார் முடிவு செய்வது?

நேரத்தையும் பார்க்க வேண்டும். 1983-ல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை, விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஆலைப் பேருந்துகளைப் பற்றிப் பேசியது. இருட்டில் போன பிள்ளை இருட்டில்தான் திரும்பும். காலை பத்து மணிக்குப் படிவத்தோடு தெருவுக்கு வரும் கணக்கெடுப்பாளர் யாரைப் பார்ப்பார்? வீட்டில் பாட்டி இருப்பாள். ‘பேரன் எங்கே?’ என்றால் ‘வெளியே போயிருக்கான்’ என்பாள். அதுவும் பொய்யில்லை. 1990-ல் வந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளின் முகங்களைக் காட்டியது. படிவத்தின் கட்டங்களுக்குள் அந்த முகங்கள் வரவில்லை.

கேட்பவர் கையில் என்ன இருக்கிறது?

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் குழந்தைக்கு 5,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும். எல்லா மாநிலங்களும் ஆறு மாதத்துக்குள் குழந்தைத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து முடிக்க வேண்டும்.

நியாயமான தீர்ப்புதான். ஆனால் சர்வே நடத்துகிறவரின் இடத்தில் நின்று அந்த உத்தரவைப் படித்துப் பாருங்கள். எண்ணப் போகிறவரின் கையில் ஒரு தலைக்கு 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. இது முதலாளிக்குத் தெரியும், பிள்ளையின் கூலியை நம்பியிருக்கும் தாய்க்கும் தெரியும். இருவருக்கும் சொல்லக்கூடிய ஒரே விடை ‘இல்லை’. வேறு எங்கும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் கணக்கெடுப்பு நாளன்று மட்டும் ஒரே குரலில் பேசும்.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளை, 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் நடத்தியது. சாப்பாடு, மாத உதவித்தொகை எல்லாம் உண்டு. அங்கே சேர்க்கப் பிள்ளை ‘வேலை பார்த்தவனாக’ இருக்க வேண்டும். ஒரே பிள்ளை ஒரு படிவத்தில் தொழிலாளி, இன்னொரு படிவத்தில் ‘சும்மா இருக்கிறான்’ என்று இருக்க எல்லாக் காரணமும் உண்டு.

இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்துச் சூலக்கரையில் ஒரு தெருவுக்குள் கையில் டேப்லெட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் நுழைந்தால், அவர் வாய் திறக்கும் முன்னே கேள்வி எதிரிலிருந்து வரும்: ‘எதுக்கு தாயி, ஆயிர ரூபாய்க்கா?’ 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது தெருவுக்கே மனப்பாடம். ஆகவே, எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து எந்த ஆராய்ச்சிக்காக வந்திருந்தாலும், வருமானக் கேள்விக்கு வரும் பதில் அந்த வரம்புக்குக் கீழேதான் நிற்கும். மக்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் வருமானத்தைக் கூட்டிச் சொல்லி ஒரு சலுகையை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? இது தெரியாமல் கேள்வி தயாரித்தவர்தான் தவறு செய்தவர்.

‘மாத வருமானம் எவ்வளவு?’

பட்டாசு வட்டாரத்தில் பலரால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. கூலி பீஸ் ரேட்டில். குழாய் உருட்டினால் இத்தனைக்கு இவ்வளவு, சரம் பின்னினால் இத்தனைக்கு இவ்வளவு. பணம் வாரச் சம்பளமாக வரும். மழை பெய்தால் காயப்போட முடியாது, வேலை நிற்கும். எங்காவது வெடிவிபத்து நடந்தால் ஆய்வு வரும், பல ஆலைகள் கதவடைக்கும். தீபாவளி முடிந்தால் ஆலைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். இவரிடம் ‘மாதம் எவ்வளவு?’ என்றால், மனதில் படும் ஒரு நல்ல வாரத்தை நாலால் பெருக்கிச் சொல்வார். அல்லது மோசமான வாரத்தை. எதைப் பெருக்கினார் என்று படிவத்துக்குத் தெரியாது. ‘போன சனிக்கிழமை கையில் எவ்வளவு வாங்கினீர்கள், அதில் முன்பணத்துக்குப் பிடித்தது எவ்வளவு, போன வாரம் எத்தனை நாள் வேலை?’ என்று கேட்டால் மூன்றுக்கும் பதில் வரும். ஆண்டுக் கணக்கை நாம் போட்டுக்கொள்ளலாம். அது அவருடைய வேலையல்ல.

எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். செப்டம்பரில் கேட்டால் சிவகாசியில் வேலையில்லாதவரே இல்லை. தீபாவளிக்கு அடுத்த வாரம் கேட்டால் ஊரே வேலையில்லாமல் இருக்கும். தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு தன் சர்வேக்களை மூன்று மாதச் சுற்றுகளாகப் பிரித்து ஆண்டு முழுக்கப் பரப்பியது இப்படிப்பட்ட ஊர்களை மனதில் வைத்துத்தான். அவசரத்தில் ஒரே வாரத்தில் முடிக்கும் கல்லூரி சர்வேக்களும் தொலைக்காட்சி சர்வேக்களும் இதில்தான் சறுக்குகின்றன.

பெண்களின் வேலை இன்னும் சிக்கலானது. ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு பெண் மடியில் முறத்தை வைத்துத் தீப்பெட்டிக்கான அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பசைக் கிண்ணம். ஒட்டியவை குரோஸ் கணக்கில் கட்டப்பட்டுச் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. சர்வேக்காரர் கேட்கிறார்: ‘அக்கா, நீங்க வேலைக்குப் போறீங்களா?’ பதில் வருகிறது: ‘இல்ல தாயி, நான் வீட்லதான் இருக்கேன்.’ பசை காயும் முன் அடுத்த பெட்டி தயார். டேப்லெட்டில் விழுவது 92. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்பதற்கான குறியீடு அது. நியாயப்படி விழ வேண்டியது 11, அதாவது சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர். வீட்டிலிருந்தபடி ஒப்படைப்பு வேலை செய்பவர்களை அந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும். ‘வேலைக்குப் போறீங்களா’ என்ற கேள்விக்கு அவர் சரியான பதிலைத்தான் சொன்னார். அவர் எங்கும் போகவில்லை. ‘கடந்த ஏழு நாளில் காசுக்காக ஏதாவது ஒட்டுவது, உருட்டுவது, தைப்பது உண்டா?’ என்று கேட்டிருந்தால் இந்த மாவட்டத்தில் உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை ஒரே மாலையில் கூடியிருக்கும். யாருக்கும் புது வேலை கிடைக்காமலே.

கேள்வியின் வாசகம் எப்படிச் சாயும் என்பதற்கு நானே இரண்டு கேள்விகள் தயாரித்தேன். ‘பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் பட்டாசுத் தொழிலை முடக்கும் நேரக் கட்டுப்பாட்டை ஆதரிக்கிறீர்களா?’ என்பது ஒன்று. ‘குழந்தைகளையும் முதியவர்களையும் மூச்சுத்திணற வைக்கும் புகையைக் குறைக்கப் பட்டாசு வெடிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தலாமா?’ என்பது மற்றது. ஒரே விஷயம். முதலாவதைச் சிவகாசி பஸ் நிலையத்திலும் இரண்டாவதைச் சென்னையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை வாசலிலும் கேட்டால், மறுநாள் எதிரெதிரான இரண்டு தலைப்புச் செய்திகள் தயார். செய்தியில் சதவீதம் பெரிய எழுத்தில் இருக்கும், கேள்வி இருக்காது. கேள்வியின் முழு வாசகத்தை அச்சிடாத சர்வேயை நான் விளம்பரம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

காசைச் சுண்டிப் பதில் வாங்குவது

சில கேள்விகளுக்கு நேரடிப் பதில் என்றைக்கும் வராது. ‘உங்கள் ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறதா?’ என்பது ஒன்று. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகளை வேறு ஆட்கள் எடுத்து ஓட்டுவார்கள். சட்டப்படி குற்றம். வெடிவிபத்துகளுக்குப் பின் திரும்பத் திரும்ப எழும் குற்றச்சாட்டும் இதுவே. போர்மேன் பக்கத்தில் நிற்க, எந்தத் தொழிலாளி ‘ஆமாம்’ என்பார்? போர்மேன் இல்லாவிட்டாலும் நாளைக்கு அதே வாசல் வழியாகத்தானே உள்ளே போக வேண்டும்?

இதற்கு 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் ஒரு வழியைத் தொடங்கிவைத்தார். அதன் எளிய வடிவம் இப்படி இருக்கும். தொழிலாளியின் கையில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, நமக்குத் தெரியாமல் சுண்டச் சொல்கிறோம். பூ விழுந்தால், உண்மை எதுவானாலும் ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்போது அவர் சொல்லும் ‘ஆமாம்’ அவரைக் காட்டிக்கொடுக்காது. பூ விழுந்ததாலா, உண்மையாலா என்று போர்மேனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. 200 பேரிடம் கேட்டு 130 ‘ஆமாம்’ வந்ததாக வைத்துக்கொள்வோம். காசு நேர்மையானதென்றால் அதில் சுமார் 100 வெறும் பூ. மீதி 30, உண்மை சொல்ல வேண்டியிருந்த நூறு பேரிடமிருந்து வந்தவை. ஆக 30 சதவீதம்.

ரகசியத்துக்கு ஒரு விலையும் உண்டு. பாதிப் பதில்களை நாமே சத்தமாக்கிவிட்டதால், 200 பேரை வைத்து வந்த அந்த 30 சதவீதம் உண்மையில் 17-க்கும் 43-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இறுக்கமான எண் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கேட்க வேண்டும். ஆனால் நேரடியாகக் கேட்டுக் கிடைக்கும் சுத்தமான ‘பூஜ்ஜிய’த்தைவிட இந்தத் தள்ளாடும் 30 எவ்வளவோ பயனுள்ளது.

தேசியக் குடும்பநல ஆய்வு வேறொரு வழியை வைத்திருக்கிறது. கணவனின் வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். அப்படியும் ஒரு புதிர். கர்நாடகத்தில் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நான்காவது ஆய்வில் 20.6 சதவீதம், ஐந்தாவதில் 44.4 சதவீதம். நாலைந்து ஆண்டில் அடி இரட்டிப்பானதா, சொல்லும் துணிச்சல் கூடியதா, கேட்டவர்களின் பயிற்சி மாறியதா? அந்த எண்ணை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. ‘வன்முறை இருமடங்கு’ என்று தலைப்பிட்டவர்கள் மூன்றில் ஒன்றை அவர்களாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சோறு எப்போது பதம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மாதிரி ஆய்வின் முழுத் தத்துவம். ஆனால் பானை ஒரே சீராக வெந்திருந்தால்தான் அது பலிக்கும். விருதுநகர் மாவட்டம் அப்படி வெந்த பானையல்ல. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசும் தீப்பெட்டியும். ராஜபாளையத்தில் நூற்பாலை. அருப்புக்கோட்டையில் தறி. திருச்சுழி, காரியாபட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. சிவகாசித் தெருக்களில் மட்டும் ஆயிரம் பேரைக் கேட்டு ‘விருதுநகர் மாவட்டத் தொழிலாளர்’ என்று தலைப்பிட்டால், அந்த ஆயிரம் பத்தாயிரமானாலும் தவறு தவறாகவே இருக்கும். 1936-ல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைத்தான் இதழ் பெரிதும் நம்பியிருந்தது.

எண்ணிக்கை பற்றி இன்னொரு பக்கமும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் நாடு முழுக்க 6.37 லட்சம் வீடுகள். ஒரு மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடு. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? 250 என்று வைத்துக்கொண்டால், ‘வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 25 சதவீதம்’ என்ற மாவட்ட எண் இருபதாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். அடுத்த ஆய்வில் அது 23 ஆனால் ஆட்சியருக்குப் பாராட்டும், 27 ஆனால் கண்டனமும் தெரிவிப்பது வெறும் சத்தம். ஆய்வை வெளியிட்டவர்கள் இதை மறைக்கவில்லை. 25 முதல் 49 பேர் வரை மட்டுமே அடிப்படையான எண்களை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். 25-க்கும் குறைவென்றால் எண்ணையே எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி இடுகிறார்கள். நாளிதழில் வரும்போது அந்த அடைப்புக்குறிதான் முதலில் காணாமல் போகிறது.

2016 சட்டமன்றத் தேர்தல் நினைவிருக்கும். வாக்குப்பதிவு முடிந்த மாலை, பெரும்பாலான கருத்துக்கணிப்புகள் தி.மு.க. ஆட்சி என்றன. அ.தி.மு.க. 134 இடங்களில் வென்றது. இரு அணிகளுக்கும் வாக்கு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை மூன்று சதவீதம் மேலோ கீழோ இருக்கும். அரை சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் நாற்பதாயிரம் பேர் தேவை. அதற்குப் பிறகும் வாக்கை இடமாக மாற்றும் கணக்கு பாக்கி. அன்றிரவு சொல்லியிருக்க வேண்டிய நேர்மையான வாக்கியம் ‘எங்களால் சொல்ல முடியவில்லை’ என்பது. அதை வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்த முடியாது.

முதலிடம் என்றால் என்ன?

சூலக்கரைக்குப் பக்கத்தில் நான்குவழிச் சாலையை ஒட்டியிருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு 2018 டிசம்பர் கடைசி வாரம் நல்ல வாரம். ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் விருதுநகர் முதலிடம் என்று நிதி ஆயோக் அறிவித்தது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்துக்குள் வந்தவை விருதுநகரும் ராமநாதபுரமும். அப்போது பலர் புரிந்துகொண்டபடி அது ‘நாட்டிலேயே சிறந்த மாவட்டம்’ அல்ல. பின்தங்கியவை என்று பிரித்தெடுக்கப்பட்ட நூற்றுச் சொச்சம் மாவட்டங்களுக்குள், 2018 ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஐந்து மாதத்தில் அதிகம் மாறியது எது என்பதே ‘டெல்டா’ தரவரிசையின் கேள்வி. அது நிலையை அளக்கவில்லை, நகர்வை அளந்தது. 90-லிருந்து 91-க்குப் போனவர் பின்னால் நிற்பார், 40-லிருந்து 50-க்கு வந்தவர் முன்னால் நிற்பார். மாவட்ட நிர்வாகத்தின் உழைப்பை இது குறைப்பதாகாது. உழைப்பு இல்லாமல் நகர்வு வராது.

49 குறியீடுகள். வங்கிக் கணக்கு, மண்வள அட்டை போன்றவை ஐந்து மாதத்தில் வேகமாக ஏறும். பிள்ளைகளின் உயரமும் எடையும் ஐந்து மாதத்தில் ஏறாது. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டினால், வேகமாக ஏறக்கூடியவைதான் தரவரிசையை ஆட்டிவைக்கும். மாவட்டங்களே டாஷ்போர்டில் பதியும் தரவை மட்டும் நம்பாமல், வெளியார் வீடு வீடாகப் போய் எடுத்த சர்வே தரவும் முதல்முறையாக அந்தத் தரவரிசையில் சேர்க்கப்பட்டது. அதில் எனக்குப் பிடித்த அம்சம் அதுதான். தன் மதிப்பெண்ணைத் தானே போட்டுக்கொள்ளும் மாணவனை யாராவது இடையில் சோதிக்கத்தானே வேண்டும்?

அளக்கும் கோலையே மாற்றிவிட்டு வளர்ச்சி பேசிய கதை தேசிய அளவில் நிறைய. 1999-2000-ல் தேசிய மாதிரி ஆய்வின் 55-வது சுற்றில், சாப்பாட்டுச் செலவை ‘கடந்த 30 நாள்’ என்றும் ‘கடந்த 7 நாள்’ என்றும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். ஏழு நாள் கணக்கு நன்றாக நினைவிருக்கும். அதைச் சொன்னவர், முப்பது நாள் கணக்கையும் அதற்கு ஒத்துவருமாறு உயர்த்திச் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். வறுமை 36 சதவீதத்திலிருந்து 26.1 சதவீதமாக இறங்கியது. அதில் எவ்வளவு உண்மையான இறக்கம், எவ்வளவு படிவம் செய்த இறக்கம் என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

குழந்தைத் தொழிலாளர் கணக்கிலும் இதேதான் நடந்தது. 2001-ல் 1.26 கோடி, 2011-ல் 43.5 லட்சம் என்று அரசு ஆவணங்களில் இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். பத்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது போலத் தெரியும். 1.26 கோடி என்பது முதன்மைத் தொழிலாளர், குறுங்காலத் தொழிலாளர் இருவரும் சேர்ந்தது. 43.5 லட்சம் என்பது முதன்மைத் தொழிலாளர் மட்டும், அதாவது ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்கள். குறுங்காலத்தாரையும் சேர்த்தால் 2011-ன் எண் 1.01 கோடி. குறைந்தது உண்மை, ஆனால் ஐந்தில் ஒரு பங்குதான். தமிழ்நாட்டுக்கு 2001-ல் 4,18,801, 2011-ல் 1,51,437 என்று போடப்படும் அட்டவணைக்கும் இதே கோளாறு. விடுமுறையிலும் தீபாவளி நெருக்கத்திலும் மட்டும் வேலைக்குப் போகும் பிள்ளை இந்தக் கழித்தலில் ஓசையில்லாமல் மறைந்துவிடுகிறது. பட்டாசு வட்டாரத்தில் அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் முதலில் தேட வேண்டும்.

இதற்கிடையே, இன்று நாம் நடத்தும் பல சர்வேக்களுக்கு அடிப்படையான பட்டியல் 2011 கணக்கெடுப்பைச் சேர்ந்தது. அப்போது விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19,42,288. அதன் பிறகு நான்குவழிச் சாலையோரம் எழுந்த வீட்டுமனைகளும், வேலை தேடி வந்து தங்கிய வடமாநிலக் குடும்பங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நேரமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் 2026 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் வீட்டுப் பட்டியல். சாதியும் கேட்கப்படும். கைப்பேசிச் செயலியில் பதிவு, விரும்பினால் குடும்பத்தாரே இணையத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

தானே நிரப்பும் அந்த வசதிதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பெட்டி ஒட்டும் பெண்ணிடம் ‘கடந்த ஓராண்டில் ஏதாவது வேலை பார்த்தீர்களா?’ என்று கேட்டு, ‘இல்லை’ வந்ததும் சுவரோரக் கட்டுகளைக் காட்டி ‘அப்போ இது என்னக்கா?’ என்று கேட்க ஒரு கணக்கெடுப்பாளரால் முடியும். அதற்குக் கண் போதும், அரை நிமிடம் போதும். குடும்பத்தலைவர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியில் நிரப்பும்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. மனைவியின் வரிசையில் ‘வேலை இல்லை’ என்று அவர் அழுத்துவார், அடுத்த பக்கத்துக்குப் போவார். மகளுக்கும் அதுவே. பயிற்சி வகுப்பில், கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்பதைப் போலவே, அந்தத் திரையில் ‘பெட்டி ஒட்டுதல், குழாய் உருட்டுதல்’ என்று எடுத்துக்காட்டோடு ஒரு வரி இருக்குமா என்பதையும் விருதுநகர்க்காரர்கள் இப்போதே கேட்டுவைக்கலாம்.